கழற்றி வைத்த ஸ்பீக்கர்

ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து யாரோ செப்புக் கம்பியால் கட்டிப்போட்டிருந்தார்கள்.

ஒரு சுற்று, இரண்டு சுற்று இல்லை, ஏழு சுற்று. கம்பியின் நுனியைக் குறடால் மடக்கி உள்ளே அழுத்தியும் விட்டிருந்தார்கள். டோர்சி விட்லோ நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, அந்தப் பழைய கிடார் ஆம்ப் பெட்டியின் பின்புறத்துக்குள் தலையை விட்டு மறுபடி பார்த்தான். முப்பத்தைந்து வருஷமாக நதிக்கரையில் இருக்கும் இதே ஹெலினா ஊரில், இதே கராஜில் ஆம்ப் பழுதுபார்க்கிற வேலை செய்கிறவன். ஆம்புக்குள் எலிக்கூடு பார்த்திருக்கிறான், குளவிக்கூடு பார்த்திருக்கிறான், ஒருமுறை ஒரு பாஸ்டரின் ஆம்புக்குள் அரைப் புட்டி விஸ்கியைப் பார்த்து, பார்க்காத மாதிரி மூடியும் கொடுத்திருக்கிறான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முனை இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஸ்பீக்கரிலிருந்து முக்கல் முனகல்கூட வராது. ஆம்பும் சூடேறிக் கெட்டுப்போகும். எந்தப் புண்ணியவான் பார்த்த வேலையோ என்று முணுமுணுத்துக்கொண்டே கம்பியை வெட்டி எறிந்தான்.

கம்பி அறுந்ததும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஒருமுறை முன்னால் வந்து போனது. உள்ளே இருந்த தூசி அவன் முகத்தில் அடித்தது. பழைய பைபிளைத் திறந்தால் வருமே, அந்த வாடை. ஆம்பின் ஒயர் சுவரில் செருகப்படாமல் தரையில் சுருண்டு கிடந்தது. ஆகஸ்ட் மாதப் புழுக்கம். காகிதம் தளர்ந்திருக்கும் என்று டோர்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அன்று காலை அதைக் கொண்டுவந்த வைனெல் அம்மாவுக்கு எண்பது வயதாவது இருக்கும். ஊருக்கு மேற்கே, பருத்திக் காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னச் சபையைச் சேர்ந்தவர். அவருடைய தம்பி அங்கே நாற்பது வருஷம் கிடார் வாசித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஒரே ஆம்பில் ஒரு துளையில் கிடார், அடுத்த துளையில் மைக் என்று கிராமத்துச் சபைகளில் எல்லாரும் செய்கிறதுதான் அங்கேயும். அந்த அம்மா வாய் திறந்து பேசவில்லை. கையிலிருந்த சின்ன நோட்டில் எழுதி எழுதிக் காட்டினார். தொண்டையில் ஆபரேஷன் போலிருக்கிறது என்று நினைத்த டோர்சி, ஏனோ தானும் குரலைத் தாழ்த்தியே பேசினான்.

‘புது ஸ்பீக்கர் போடுங்க பிரதர். சபைக்கு ஆம்ப் வேணும்’ என்று எழுதியிருந்தது.

"போட்டுடலாம் சிஸ்டர். திங்கக்கிழமை வந்து எடுத்துக்குங்க."

‘பழசை எரிச்சிடுங்க.’

"எரிக்கிறதா! ஏங்க, இது அசல் சரக்குங்க. ஆம்போடவே பொறந்தது. கிழிஞ்சு கிடந்தாலும் கும்பிட்டு வாங்கிட்டுப் போக ஆள் இருக்கு."

அந்த அம்மா மறுபடி பென்சிலை எடுத்தார். ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் காட்டிய பக்கத்தில் ஒரு வரிதான் மிஞ்சியிருந்தது. ‘நான் எரிக்கப் பார்த்தேன். என்னால முடியலை.’ பிறகு ஆம்பின் முன்துணியில் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். தம்பி ஞாபகம், பாவம் என்று டோர்சி வேறு பக்கம் பார்த்தான். "ஆகட்டும் சிஸ்டர், பாத்துக்கறேன்" என்று தலையாட்டி அனுப்பிவைத்தான்.

எரிப்பதாவது! கழற்றிய அசல் பாகத்தை எறிகிறவன் இந்தத் தொழிலில் கிடையாது. ஆம்பின் கருகிப்போன கண்ணாடி வால்வைக்கூடப் பஞ்சு சுற்றி டப்பாவில் வைக்கிற கூட்டம் இது. டோர்சியின் பரண் முழுக்க அப்படிக் கழற்றியவைதான். எட்டுத் திருகுகளையும் கழற்றி, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரைக் குழந்தையைத் தூக்குகிற பதமாகத் தூக்கி மேஜைமேல் வைத்தான். கூம்பில் மூன்று கிழிசல்கள். யாரோ மெல்லிய தாளும் பசையும் வைத்து ஒட்டியிருந்தார்கள். எந்த முனை எது என்று பார்க்க, வழக்கம்போல ஒரு சின்ன பேட்டரியை எடுத்து முனைகளில் தொட்டான். ஒரு பக்கம் தொட்டால் கூம்பு வெளியே தள்ளும், மாற்றித் தொட்டால் உள்ளே போகும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சோதனை. இது உள்ளே போனது. மாற்றித் தொட்டான். அப்போதும் உள்ளேயே போனது, ஒரு மிடறு விழுங்குகிற மாதிரி.

"பேட்டரி சரியில்லை" என்றான் டோர்சி, சத்தமாக. பேட்டரி நேற்றுத்தான் வாங்கியது.

புது ஸ்பீக்கரோடு ஒரு சங்கடம் உண்டு. கூம்பு விறைப்பாக இருக்கும், பாட்டு அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பழக்கினால்தான் இளகும். அதற்கு டோர்சியிடம் ஒரு கைமுறை இருந்தது. புது ஸ்பீக்கரையும் பழைய ஸ்பீக்கரையும் வாய்க்கு வாய் வைத்துக் கவ்வியால் இறுக்கி, ஒயரை எதிரெதிராகக் கொடுத்து, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வெறும் மின்சார உறுமலை மட்டும் அனுப்புவான். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கும், சத்தம் பெரும்பாலும் அடங்கிப்போகும். ‘பழசு புதுசுக்குக் கத்துக்கொடுக்கும்’ என்று வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வான். கராஜுக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த சுவர் அலமாரியில், குளிர்காலக் கோட்டுகளுக்குக் கீழே, இரண்டு கனத்த போர்வைகளைப் போர்த்தி, வைனெல் அம்மாவின் பழசையும் புதுசையும் அப்படி ஜோடியாக வைத்தான். பிளக்கைச் செருகினான். அடி வயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு ம்ம்ம் மட்டும் கிளம்பியது. கதவைச் சாத்தினான்.

அப்போது சமையலறையில் அவன் மனைவி எர்லீன் பாடிக்கொண்டிருந்தாள்.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எர்லீனின் தங்கை செத்த பிறகு பதினாலு மாசம் அந்த வீட்டில் பாட்டு இல்லை. பாட்டு என்ன, பேச்சே இல்லை. முப்பது வருஷம் சபையில் முன்னால் நின்று அடி எடுத்துக்கொடுத்தவள், ‘காபி வேணுமா’ என்பதைக்கூடக் கண்ணால்தான் கேட்டாள். டோர்சி அந்தப் பதினாலு மாசத்தில் ரேடியோவை அணைக்காமலே தூங்கினான். சாப்பிடும்போது கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கிற வீட்டில் மனுஷன் எப்படி இருப்பது? இந்த வசந்தத்தில்தான், கீரை அலசும்போது, தன்னையறியாமல் ஒரு முனகலாக அது திரும்பிவந்தது. டோர்சி கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். நாளை மறுநாள், ஞாயிறு, சபையின் ஆண்டு விழா. எர்லீன் மறுபடி முன்னால் நிற்கப்போகிறாள். நாளைச் சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பாட்டுக் குழுப் பெண்கள் ஆறு பேரும் ஒத்திகைக்கு வீட்டுக்கு வருகிறார்கள்.

துவைத்த துணியைச் சுமந்துகொண்டு நடைவழியில் வந்த எர்லீன் அலமாரி முன்னால் நின்றாள்.

"என்ன டோர்சி, உள்ள தேனீ வளக்கறியா?"

"ஸ்பீக்கர் பழகுது. திறந்துடாத."

"பழகட்டும், பழகட்டும். உன்னையே நான் முப்பத்திநாலு வருஷமாப் பழக்கிட்டிருக்கேன், இன்னும் ஈரத் துண்டைக் கட்டில்ல போடுற."

சொல்லிவிட்டு அவள் நகரவில்லை. கதவில் காது வைத்தாள். அந்த உறுமல் ஒரே சீராகத்தான் இருந்திருக்க வேண்டும். மின்சாரத்துக்கு மேளதாளம் தெரியாது. ஆனால் அது லேசாக ஏறி, ஒரு இடத்தில் நின்றது, யாரோ ஒரு அடியைப் பாதியில் விட்டு மற்றவர் எடுப்பதற்குக் காத்திருக்கிற மாதிரி. எர்லீன் கண்ணை மூடிக்கொண்டு, ம்ம்ம் என்று பதில் கொடுத்தாள்.

அவர்கள் சபையின் பழக்கம் அது. ஒருத்தர் அடி எடுத்துக்கொடுத்தால் மற்றவர் பதில் பாடியாக வேண்டும். எடுத்த அடியை அந்தரத்தில் தொங்கவிடுவது பாவம் என்று பால்குடி மறக்கும் முன்பே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எர்லீனோ, அடுப்பு மணியடித்தாலும் அதே சுருதியில் பதில் கொடுக்கிறவள்.

"நல்லாத்தான் பாடுது உன் ஸ்பீக்கர்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை கீரையும் சோளரொட்டியும் வைத்துவிட்டு எர்லீன் கைகூப்பி ஜெபித்தாள். சாப்பாட்டுக்கு நன்றி, மழைக்கு நன்றி, இந்த மனுஷனை இன்னும் சகித்துக்கொள்ளும் பொறுமைக்கு நன்றி. கடைசியில் ‘ஆமென்’ வரவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் தொண்டையைச் செருமினாள்.

அரை மூச்சு கழித்து, நடைவழியிலிருந்து, "ஆமென்."

டோர்சியின் கரண்டி நின்றது.

"என்ன?" என்றாள் எர்லீன்.

"ஒண்ணும் இல்ல. எதிரொலி."

"இந்தப் பொந்துக்குள்ள எதிரொலியா? கத்தீட்ரல் கட்டி வச்சிருக்க பாரு." அவள் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. தூசி, மகரந்தம், பருத்திக்கு அடிக்கிற மருந்து என்று ஆகஸ்ட் மாதத்தில் காரணத்துக்கா பஞ்சம்? தேனும் வினிகரும் கலந்து குடித்துவிட்டுச் சீக்கிரம் படுத்தாள். டோர்சி படுக்கப் போகும்போது அலமாரியைத் தாண்டினான். ம்ம்ம். உறுமல் அப்படியேதான் இருந்தது. கொஞ்சம் இனிமையாகக்கூட இருந்தது. இன்னும் ஒரு நாள் ஓடட்டும் என்று விட்டுவிட்டான்.

சனிக்கிழமை காலையிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நதிப்பக்கமிருந்து சேற்று வாடை அடித்தது, சில்வண்டுகள் கத்துவதை நிறுத்தியிருந்தன. டோர்சி எழுந்தபோது எர்லீன் பக்கத்தில் இல்லை. நேராகக் கராஜுக்குப் போய், வைனெல் அம்மாவின் ஆம்பில் புது ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். பத்து மணி இருக்கும், சமையலறைப் பக்கமிருந்து பாட்டு கேட்டது. முழுக் குரல், நெஞ்சிலிருந்து வருகிற குரல். அப்பாடா என்றிருந்தது டோர்சிக்கு. எத்தனை நாள் ஆயிற்று இப்படிக் கேட்டு! கடைசி அடியை அவள் இழுக்கிற இழுப்பில் ஜன்னல் கண்ணாடிகூட லேசாக அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, ‘தேனுக்கும் வினிகருக்கும் ஒரு ஆமென் சொல்லு’ என்று சீண்டுவதற்காகவே சமையலறைக்குப் போனான்.

எர்லீன் மேஜையருகே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

வாய் மூடியிருந்தது.

பாட்டு நிற்கவில்லை.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்த முகத்தை டோர்சி இதற்குமுன் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறான், தங்கையின் பெட்டியை மூடியபோது. அவள் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு நடைவழியைக் காட்டினாள். வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். காற்று வந்தது. காற்று மட்டும்.

"எப்ப இருந்து?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். விடிந்ததிலிருந்து. கிண்ணத்தில் பட்டாணி கொஞ்சம்தான் இருந்தது. மீதியெல்லாம் தரையில்.

டோர்சி அலமாரிக்குப் போனான். கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் பிளக்கைப் பிடுங்கினான். உறுமல் நின்றது. பாட்டு நிற்கவில்லை. இன்னும் தெளிவானது, ஒரு திரை விலகின மாதிரி. போர்வைகளை இழுத்துப் போட்டான். வாய்க்கு வாய் கவ்விக் கிடந்த இரண்டு ஸ்பீக்கர்களும் மூச்சு வாங்கின. கவ்வியைக் கழற்றிப் பிரித்துத் தனித்தனியாக மல்லாத்தினான். பழசில் எர்லீன். புதுசிலும் எர்லீன். ஒயர் எதிலும் இல்லை. இரண்டு கூம்புகளும் ஏறி இறங்கின, ஏறி இறங்கின, எர்லீன் அடி முடிவில் மூச்சு எடுக்கிற அதே இடத்தில் நின்று, எடுத்து, தொடர்ந்தன. அவள் குரலுக்குக் கீழே வேறு குரல்களும் இருந்தன. ஒரு ஆணின் குரல். வயதான ஒரு பெண்ணின் குரல், சுத்தமான கிராமத்துக் குரல், எர்லீனுக்கு ஒத்துப் பாடியது.

செப்புக் கம்பி. டோர்சி கராஜுக்கு ஓடி ஒரு சுருளை எடுத்து வந்தான். இரண்டு ஸ்பீக்கர்களின் முனைகளையும் அந்த ஏழு சுற்று மாதிரியே சுற்றினான், பத்தாகவே சுற்றினான். கூம்புகள் விறைத்தன. வீடு அமைதியானது. தகரக் கூரையில் முதல் மழைத்துளிகள் விழுவது கேட்டது. அவன் மூச்சை விட்டான்.

புதுசு ஒருமுறை விக்கியது. பிறகு கம்பி கட்டியபடியே பாடத் தொடங்கியது. பழசும் சேர்ந்துகொண்டது. தனியாக இருந்தவரை அடங்கியிருந்தது. இப்போது அது இரண்டு.

தொழிலறிவெல்லாம் அவன் கையைவிட்டுப் போய்விட்டது. பரண் நிறைய அசல் சாமான், மூளை நிறைய மண்ணு! எரித்துத் தொலை என்று அந்தக் கிழவி எழுதித்தானே காட்டினாள்? கூம்பு அறுக்கிற கத்தியை எடுத்துவந்தான். மெல்லிய கத்தி. புதுசின் காகிதத்தில் நுனியை வைத்து லேசாக அழுத்தினான்.

பின்னால் பாத்திரம் உருண்டது. எர்லீன் இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். விரல்களுக்கு நடுவில் ஒரு சிவப்புக் கீறல், மயிரிழை அளவு.

கத்தி அவன் கையிலிருந்து விழுந்தது.

வைனெல் அம்மாவின் எண்ணைச் சுழற்றும்போது இரண்டு முறை தப்பாகச் சுழற்றினான். மூன்றாவது முறை எடுத்தார்கள். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"சிஸ்டர், நான் டோர்சி. பேச முடியாதுன்னு தெரியும். ஆமான்னா ஒரு தட்டுத் தட்டுங்க. அதுல பாடறது நீங்களா?"

ஒரு தட்டு.

"என் பொண்டாட்டியையும் எடுத்துக்கிச்சு சிஸ்டர். திரும்பக் கிடைக்குமா?"

மூச்சு. மூச்சு. தட்டவில்லை.

"அறுத்தா செத்துடுவாளா? சொல்லுங்க, தெய்வமே, ஏதாவது சொல்லுங்க!"

அந்தப் பக்கம் அழுகிற மூச்சு. அப்போது நடைவழியில் பாட்டு நின்றது. அதற்குப் பதில் பேச்சு வந்தது. எர்லீனின் பேச்சு, காலையில் தலையணையில் பேசுகிற தணிந்த பேச்சு.

"டோர்சி. கண்ணா. கேக்குதா?"

தொலைபேசியில் தட்டுகள் சடசடவென்று விழுந்தன. நிறைய. வெறி பிடித்த மாதிரி. எதற்கு இப்படித் தட்டுகிறார் என்று டோர்சிக்குப் புரியவில்லை. அவன் அதைக் கேட்கவும் இல்லை. பதினாலு மாசம் ஏங்கின குரல் கூப்பிடுகிறது.

"கேக்குதும்மா" என்றான். "நல்லாக் கேக்குது."

தட்டுகள் நின்றன. அந்தப் பக்கம் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

எர்லீனிடம் திரும்பி ஏதோ சொல்லப் போனான். உதடு அசைந்தது. தொண்டையில் காற்று ஓடியது. இன்னும் பலமாக, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். காற்று. அலமாரிக்குள்ளிருந்து அவனுடைய குரல் கேட்டது, அவனுடைய சளிச் செருமலோடு. "நல்லாக் கேக்குது."

"அப்ப ஈரத் துண்டைக் கட்டில்ல போடாத" என்றது எர்லீனின் குரல்.

"சரி தாயே, சரி" என்றது அவன் குரல். இரண்டும் சிரித்தன.

இரண்டு பேரும் நடைவழியில் நின்று தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எர்லீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பதில் கொடுத்தால் குரல் போய்விடுகிறது. அவ்வளவுதான் விஷயம். நேற்று அவள் கதவில் காது வைத்துக் கொடுத்தாள். இப்போது அவன் கொடுத்தான். பதில் கொடுக்காமல் இருந்தால் போதும்.

வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. பெண்களின் சிரிப்பு.

பதினோரு மணி.

டோர்சி ஓடினான். ஒரு அட்டையைக் கிழித்து, கைக்குக் கிடைத்த பென்சிலால் ‘பாடாதீங்க! போயிடுங்க!’ என்று எழுதி முன்கதவுக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தான். மழையில் குடையைப் பகிர்ந்துகொண்டு ஆறு பேரும் படியில் ஏறினார்கள். முன்னால் ஒடெஸா, எர்லீனின் சிநேகிதி, குழுவின் கனத்த குரல். அவள் குனிந்து அட்டையைப் படித்தாள்.

"பாடாதீங்களாம்!" என்று பின்னால் திரும்பிச் சொன்னாள். "இந்த ஆளு ஒவ்வொரு தடவையும் ஒண்ணு பண்றாரு பாரேன். போன தடவை காதுல பஞ்சு வச்சுக்கிட்டு நின்னாரு."

பெண்கள் சிரித்தார்கள். டோர்சி கையை ஆட்டினான், தலையை ஆட்டினான், வேண்டாம், வேண்டாம். அவர்களும் கையை ஆட்டினார்கள்.

உள்ளேயிருந்து எர்லீனின் குரல் கூப்பிட்டது, பளிச்சென்று. "அந்தாளு கெடக்கறாரு, நீங்க மழையில நிக்காம வாங்கடி!"

"எர்லீன்! பாடாதீங்கன்னு எழுதி வச்சிருக்காரு உன் வீட்டுக்காரரு, நீ சிங்கம் மாதிரி இருக்கியே!" என்றாள் ஒடெஸா.

சொல்லி முடித்ததும் கடைசி வார்த்தை அவளுக்கே வித்தியாசமாகக் கேட்டிருக்க வேண்டும்; தொண்டையைத் தடவிக்கொண்டாள். கைப்பிடி திரும்பியது. டோர்சி உள்ளேயிருந்து அழுத்திப் பிடித்தான். ஆறு பேர், விளையாட்டென்று நினைத்து, சிரித்துக்கொண்டு தள்ளினார்கள்.

யாரோ அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள். எர்லீன். அவள் கையில் கத்தி இருந்தது. அவனை அலமாரிக்கு இழுத்துக்கொண்டு போனாள், முட்டிபோட வைத்தாள், கத்தியை அவன் கையில் திணித்து, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துப் புது ஸ்பீக்கரின் கூம்பில் வைத்து அழுத்தினாள். வெட்டு. அவள் உதடு அதைத்தான் சொன்னது. வெட்டு, டோர்சி. வெட்டு.

கூம்பு கத்திக்குக் கீழே ஏறி இறங்கியது, தூங்குகிற வயிறு மாதிரி. "டோர்சி" என்றது, மெல்ல, அவனுக்கு மட்டும். "நான்தான்."

அவனால் முடியவில்லை.

அவள் அழுத்தினாள், அவன் தடுத்தான். முப்பத்திநாலு வருஷத்தில் அவள்மேல் அவன் பலத்தைக் காட்டியதில்லை, அப்போது காட்டினான். அவள் கழுத்தில் அந்தச் சிவப்புக் கோடு அவன் கண்முன்னால் இருந்தது. ஒரு நொடி. இரண்டு நொடி. கத்தி அவர்கள் நாலு கைக்கும் நடுவில் சிக்கி நின்றது.

முன்கதவு திறந்துகொண்டது. ஈரக் காலணிகள் நடைவழியில் வந்தன, வாசனைப் பவுடரும் மழையுமாக. அலமாரிக்குள் எர்லீன் நெஞ்சு நிறைய மூச்செடுத்து, ஆண்டு விழாப் பாட்டின் முதல் அடியை எடுத்துக்கொடுத்தாள், வீடே நிறைகிற மாதிரி, அழகாக, அவ்வளவு அழகாக.

"அக்கரையில யாரு நிக்கறது?"

எடுத்த அடியைத் தொங்கவிடும் பழக்கம் அவர்களில் யாருக்கும் இல்லை. ஆறு பேரும் நின்ற இடத்திலேயே வாயைத் திறந்தார்கள்.

பதில் அலமாரிக்குள்ளிருந்து வந்தது.

ஆறு குரல்கள். டோர்சி கத்தியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். நடைவழியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள், குடையிலிருந்து தண்ணீர் சொட்ட, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரே நேரத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல். ஒடெஸா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவர்கள் நிறுத்தப் பார்ப்பது கண்ணில் தெரிந்தது. வாய்கள் நிற்கவில்லை. இரண்டு காகிதக் கூம்புகளும் ஏறி இறங்கின. எர்லீன் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அவள் குரல் அடுத்த அடியை எடுத்துக்கொடுத்தது.